மறப்பவளிடம் கொடுத்த சீட்டு

இதை எழுத வேண்டாம் என்று வீட்டில் சொன்னார்கள். "பொம்பளப் புள்ள விஷயம், நாலு பேர் படிப்பாங்க" என்றாள் என் மனைவி. மகள்தான், "எழுதுங்கப்பா, பேர் மட்டும் போடாதீங்க" என்றாள். அதனால் பேர் போடவில்லை. மருத்துவமனையின் பேரும் போடவில்லை. ஒரு மருத்துவமனையைத் திட்டி ஆகப் போவது ஒன்றுமில்லை. எல்லா இடத்திலும் இதே கதைதான்.

முதலில் அகப்பட்டவன் என் பேரன். பத்து வயது. வகுப்பில் உட்காரமாட்டேன் என்கிறான், நோட்டைத் தொலைக்கிறான், கேள்வி முடிவதற்குள் பதில் சொல்கிறான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி, மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனோம். அவர் பையனிடம் பேசினார், அம்மாவிடம் பேசினார், ஆசிரியை எழுதிய காகிதத்தைக் கேட்டார். காகிதத்தை என் மகள் வந்த ஆட்டோவிலேயே விட்டுவிட்டாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, "நீங்க ஸ்கூல்ல எப்படிம்மா?" என்று கேட்டார். அவள் சிரித்தாள். பிறகு அழுதாள். முப்பத்தொன்பது வயதில் அவளிடம் அதை முதன்முதலாக ஒருவர் திட்டாமல் கேட்டிருக்கிறார்.

இதற்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர். பிரெஞ்சுக்காரர்கள் எழுத்துகளை மாற்றிப் போட்டு தே-தே-ஆ-ஆஷ் என்பார்கள். தமிழில் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்று எழுதுகிறார்கள். அதைப் படித்து முடிப்பதற்கே நல்ல கவனம் வேண்டும். இது சிறு பிள்ளைகளின் வியாதி, வளர்ந்தால் போய்விடும் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். பலருக்குப் போவதில்லை. ஓடியாடும் துறுதுறுப்பு அடங்கிவிடும். உள்ளே இருக்கும் கலைசல் அடங்காது. பெரியவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கிறது என்பது உலக அளவில் பல ஆய்வுகள் சொல்லும் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நம் புதுச்சேரி மாநிலத்தில் பன்னிரண்டரை லட்சம் பேர். பிள்ளைகளைக் கழித்துவிட்டுப் பெருக்கிப் பாருங்கள், இருபதாயிரத்துக்குப் பக்கத்தில் வரும். வைத்தியத்துக்குப் போனவர்கள் எத்தனை பேர்? உங்கள் தெருவில் யாரையாவது தெரியுமா?

"அந்தக் காலத்துல இதெல்லாம் ஏது சார்?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோது லா புருயேர் எழுதிய மெனால்க் என்ற ஆசாமியைப் பற்றிப் பாடம் வைத்தார்கள். பதினேழாம் நூற்றாண்டுக்காரன். வெளியே போகக் கதவைத் திறப்பான், திரும்ப மூடுவான், பார்த்தால் தலையில் ராத்திரிக் குல்லாய், முகத்தில் பாதிச் சவரம். வகுப்பே உருண்டு சிரித்தது. பக்கத்துப் பெஞ்சில் இருந்த என் தம்பி எங்களைவிட அதிகமாகச் சிரித்தான். அவனுடைய ரிப்போர்ட் கார்டில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் வரும் வாக்கியம், பெ மியெ ஃபேர். இதைவிட நன்றாகச் செய்ய முடியும் என்று அர்த்தம். பாராட்டு போலத் தோன்றும், பார்க்கப் போனால் குற்றப்பத்திரிகை. இந்தக் குறைபாடு குடும்பத்தில் ஓடும் என்று டாக்டர் சொல்லி, எந்தப் பக்கம் என்று கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. என் மனைவி என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அலுவலகத்திலும் ஒருவர் இருந்தார். நல்ல கையெழுத்து, நல்ல மூளை. யாருக்கும் புரியாத பழைய அரசாணையைப் படித்து இரண்டு வரியில் விளக்கிவிடுவார். கோப்பு மட்டும் அவர் மேஜைக்குப் போனால் திரும்பாது. தினமும் தாமதம். நான் கண்காணிப்பாளராக இருந்தபோது அவருக்கு மூன்று மெமோ எழுதினேன். மூன்றாவதன் பேரில் ஒரு இன்க்ரிமென்ட் நிறுத்தப்பட்டது. "வேண்டுமென்றே அசட்டை" என்ற வார்த்தை என்னுடையது. அந்த வார்த்தையைத் தேடி எடுத்துப் போட்டதில் எனக்கு அன்றைக்கு ஒரு திருப்தி இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். அவர் இப்போது இல்லை.

ஆகவே நண்பர்களே, அந்தக் காலத்திலும் இருந்தது. நாம்தான் வேறு பேர் வைத்திருந்தோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து மருத்துவர்கள் தயாரித்த ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. பெரியவர்களுக்கு இந்தக் குறைபாடு இருக்கக்கூடுமா என்று முதல் சலிப்புச் சலிக்க ஆறு கேள்விகள். நோயை முடிவு செய்ய அல்ல, டாக்டரிடம் போகலாமா என்று பார்க்க. அதில் மூன்றாவது கேள்வி என்ன தெரியுமா? குறித்த நேரத்தில் போக வேண்டிய இடத்தையும் செய்ய வேண்டிய காரியத்தையும் எவ்வளவு அடிக்கடி மறக்கிறீர்கள் என்பது. என் மகள் "மிக அடிக்கடி" என்ற கட்டத்தில் குறி போட்டாள். அதை வாங்கிக்கொண்ட அதே கவுண்டரில், பின்பக்கம் அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, "அடுத்த மாசம் மூணாவது புதன், காலைல ஏழரைக்குள்ள டோக்கன் வாங்கிடணும்" என்றார்கள்.

மூன்றாவது புதன் வந்தது. அவள் போகவில்லை. வியாழக்கிழமை ஞாபகம் வந்து போய் நின்றாள். முறை தவறிவிட்டது, புதிதாகப் பதிந்து வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கால் ஒடிந்தவனை மாடிக்கு ஏறி வந்து கட்டுப் போட்டுக்கொள் என்று சொல்வோமா? இவளிடம் சொன்னது அதுதான்.

இணையத்தில் பதியலாமே என்பீர்கள். பதியலாம். ஆதாரோடு சேர்த்த கைபேசிக்கு எண் வரும், அந்த எண்ணை அடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று திரும்ப முதல் பக்கத்துக்குக் கொண்டுபோகும், நெளிந்த எழுத்துகளைப் படித்துப் போடு என்னும், துறையைத் தேர்ந்தெடு என்னும். நான் முப்பத்தைந்து வருஷம் படிவம் நிரப்பியவன், பிறரை நிரப்ப வைத்தவன். எனக்கே மூன்று முறை ஆயிற்று. கவனம் சிதறுகிறவளுக்கு அது ஒரு பரீட்சை. நடுவில் வாட்ஸப் ஒன்று வந்தால் போதும், எல்லாம் போச்சு. இந்தத் தளங்களைச் செய்தவர்கள் வரிசையை ஒழித்துவிட்டதாக நினைக்கிறார்கள். வரிசையில் நிற்கிறவனின் வேலையையும் கவுண்டர்காரரின் வேலையையும் சேர்த்து நோயாளியின் தலையில் வைத்திருக்கிறார்கள் என்பது என் கட்சி.

அதற்காக டிஜிட்டலே வேண்டாம் என்று சொல்லுகிற கிழவன் நான் இல்லை. வேண்டும் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. நவம்பர் மாதத்தை நினைத்துப் பாருங்கள். நாம் உயிரோடு இருக்கிறோம் என்று நிரூபிக்க ஓய்வூதியர்கள் எல்லாம் முழங்கால் வலியோடு வங்கியில் வரிசை கட்டி நின்றோமே. 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் வந்தது, விரல் ரேகை வைத்தால் போதும் என்றார்கள். நம் விரல்களில் ரேகை தேய்ந்து போயிருந்தது வேறு விஷயம். 2021-ல் முகத்தைக் காட்டினால் போதும் என்றார்கள். முடியாதவர் வீட்டுக்குத் தபால்காரரே கருவியோடு வருகிறார். என் பக்கத்து வீட்டு அம்மாளுக்கு எண்பத்தாறு வயது, கைபேசி பிடிக்கத் தெரியாது, கட்டிலில் உட்கார்ந்தபடி சான்று கொடுத்துவிட்டார். கருவி ஒரு மனிதன் கையில் இருந்தது, அவன் அந்த அம்மாளின் வாசலுக்கு வந்தான். எளிமைப்படுத்துவது என்றால் இது. என் முகத்தைக் கேமராவில் பார்த்து என் உயிருக்கும் பென்ஷனுக்கும் சான்று கொடுக்கிற அரசாங்கம், ஏற்கெனவே நேரில் பரிசோதித்து, நோய் இன்னதென்று முடிவு செய்து, மருந்தும் தொடங்கிய ஒரு நோயாளியின் முகத்தை அதே கேமராவில் பார்த்து அதே மருந்தை எழுத விடமாட்டேன் என்கிறது.

அது எப்படி என்று சொல்கிறேன். இந்தக் குறைபாட்டுக்கு உலகம் முழுக்க முதலில் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று மெதில்ஃபெனிடேட். நம் நாட்டில் அது ஷெட்யூல் எக்ஸ் பட்டியலில் இருக்கிறது. தனி உரிமம் உள்ள கடையில்தான் கிடைக்கும். டாக்டர் இரண்டு நகலாகச் சீட்டு எழுத வேண்டும். ஒரு நகலைக் கடைக்காரர் வாங்கி இரண்டு வருஷம் பத்திரப்படுத்த வேண்டும். 2020 மார்ச் 25-ல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டி நெறிகள் இந்தப் பட்டியல் மருந்துகளைக் காணொளி மூலம் எழுதவே கூடாது என்று தடை செய்தன. முதல் தடவைக்கும் தடை, இருபதாவது தடவைக்கும் தடை. பட்டியலில் வராத அட்டமாக்செட்டின் என்ற வேறொரு மருந்து உண்டு, அது சிலருக்குக் கேட்கும். என் மகளுக்குக் கேட்கவில்லை, குமட்டல்தான் மிச்சம்.

ஆகவே மாதாமாதம் நேரில். மாதாமாதம் அரைநாள் லீவு. பதினான்கு வருஷத்தில் ஆறு வேலை மாறினவளுக்கு மாதம் அரைநாள் லீவு என்றால் ஏழாவது வேலையும் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சீட்டு வாங்கியாயிற்றா, அடுத்தது கடை. நாலு கடையில் இல்லை என்றார்கள். ஐந்தாவது கடையில் அவளை மேலும் கீழும் பார்த்து, "இது யாருக்கும்மா?" என்றார்கள். போன ஜூன் மாதம் அந்த இரட்டைச் சீட்டையே தொலைத்துவிட்டாள். சீட்டில்லாமல் மருந்தில்லை, நேரில் போகாமல் சீட்டில்லை, மருந்தில்லாமல் அவளால் போகிற நாளை ஞாபகம் வைக்க முடியவில்லை. இருபத்திரண்டு நாள் இப்படியே போயிற்று. கடைசியில் சீட்டு கிடைத்தது, பேரனின் கணக்குப் புத்தகத்துக்குள்.

நகல் எதற்கு என்று எனக்குத் தெரியாதா? நகல் எடுத்தே பிழைத்தவன் நான். அந்த மருந்தைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு, பரீட்சைக்குக் கண்விழிக்கத் தின்கிற பையன்கள் உண்டு. கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. கட்டுப்பாட்டைத் தூக்கி எறிந்தால் என்ன நடக்கும் என்று அமெரிக்கா காட்டிவிட்டது. கோவிட் சமயத்தில் நேரில் பார்க்காமலே எழுதலாம் என்று அங்கே தளர்த்தினார்கள். கலிபோர்னியாவில் ஒரு நிறுவனம் விளம்பரம் கொடுத்து ஆள் பிடித்து, இணையம் வழியாக இந்த வகை மாத்திரைகளை அள்ளிக் கொடுத்தது என்று குற்றம் சாட்டி, 2024 ஜூனில் அதன் நிறுவனரையும் தலைமை மருத்துவரையும் கைது செய்தார்கள். இங்கேயும் அந்த வாடை அடிக்க ஆரம்பித்திருக்கிறது. பேரன் கைபேசியில் ஒரு நிமிஷப் படம் பார்க்கிறான், "சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிறீர்களா? உங்களுக்கு இந்தக் குறை இருக்கலாம், இங்கே அழுத்துங்கள்" என்று வருகிறது. சாவியைத் தேடாத மனுஷன் யார்? ஆறு கேள்வி ஒரு சல்லடைதான். நிஜமான டாக்டர் மணிக்கணக்கில் பேசுவார், பன்னிரண்டு வயதுக்கு முன்னாலேயே அறிகுறி இருந்ததா என்று கேட்பார், தூக்கம், தைராய்டு, மனச்சோர்வு, பதற்றம் இவற்றால் வந்த மறதியா என்று பிரித்துப் பார்ப்பார், இதயத்தைப் பற்றி விசாரிப்பார். என் மகளிடம் சின்ன வயசுச் சாட்சி கேட்டார். அவளிடம் எப்படி இருக்கும்? நான்தான் ஒன்றாம் வகுப்பு முதல் அவளுடைய பிராக்ரஸ் கார்டுகளைக் கோப்புப் போட்டு வைத்திருந்தேன். "கேர்லெஸ்", "கனவு காண்கிறாள்", "கெட்டிக்காரி ஆனால்". அந்த ஆனால்களை எல்லாம் டாக்டர் வரிசையாகப் படித்தார். ஒவ்வொன்றுக்கும் கீழே என் கையெழுத்து.

இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் நடுவில் வழி இருக்கிறது. பிரான்சில் இந்த மருந்துக்கு நம்மைவிடக் குறைந்த கெடுபிடி என்று நினைக்காதீர்கள். போதைப்பொருள் பட்டியல், போலி அடிக்க முடியாத தனிக் காகிதம், ஒரு தடவைக்கு 28 நாளுக்கு மேல் எழுதக் கூடாது. ஆனால் முதல் சீட்டை மருத்துவமனை டாக்டர்தான் எழுத வேண்டும் என்ற விதியை 2021 செப்டம்பரில் நீக்கிவிட்டார்கள். ஊரில் கிளினிக் வைத்திருக்கும் மனநல மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் எழுதலாம். பூட்டு அப்படியேதான் இருக்கிறது, கதவுகளைத்தான் அதிகமாக்கினார்கள்.

இங்கே நான் கேட்பது இவ்வளவுதான். முதல் பரிசோதனை நேரில், அதில் சமரசம் வேண்டாம். அதற்குப் பிறகு, நிலையாக இருக்கும் நோயாளிக்கு மூன்று தடவை காணொளி, நாலாவது தடவை நேரில் என்று வையுங்கள். சீட்டைக் காகிதத்தில் கொடுக்காமல் அரசுப் பதிவேட்டில் டாக்டர் ஏற்றட்டும். கடைக்காரர் அதைத் திறந்து, கொடுத்த மாத்திரையைக் கழிக்கட்டும். ஒரே ஆள் இரண்டு கடையில் வாங்கினால் அந்த நிமிஷமே தெரிந்துவிடும். இரண்டு வருஷம் பெட்டியில் தூங்கும் கார்பன் நகலில் இதை யார் கண்டுபிடித்தார்கள்? ரேஷன் கடைக்குச் செய்தோம், காஸ் சிலிண்டருக்குச் செய்தோம். கட்டுப்பாட்டை விரும்புகிறவர்கள்தான் இதை முதலில் கேட்க வேண்டும்.

அடுத்தது நினைவூட்டல். வங்கி எனக்கு நினைவூட்டுகிறது, மின்துறை நினைவூட்டுகிறது, எப்போதோ ஒரு தடவை சட்டை வாங்கின கடை என் பிறந்த நாளை மறக்காமல் இருக்கிறது. மறதிக்கு வைத்தியம் பார்க்கிற இடம் மட்டும் ஒரு வரிச் செய்தி அனுப்பவில்லை. முதல் நாள் ஒன்று, அன்று காலை ஒன்று, தவறவிட்டால் "திரும்ப எப்போது வருகிறீர்கள்" என்று ஒன்று, அதுவும் தமிழில். தவறவிட்டதற்குத் தண்டனையாகப் பதிவை அழிப்பதை நிறுத்துங்கள். வராமல் போனது அந்த நோயின் அறிகுறி. காய்ச்சல் இருக்கிறதே என்று காய்ச்சல்காரனை வெளியே அனுப்புவார்களா?

காரைக்காலை நினைத்துக்கொள்கிறேன். அங்கிருந்து இங்கே 130 கிலோமீட்டர். மாஹேயும் ஏனாமும் நம் நிர்வாகம்தான், ஒன்று கேரளக் கரையில், ஒன்று ஆந்திரத்தில். நாட்டில் லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்தான் என்று 2023-ல் நாடாளுமன்ற நிலைக்குழு சொன்னது. முழுதாக ஒருவர்கூட இல்லை. அதிலும் பெரியவர்களின் ஏ.டி.எச்.டி.யைப் பார்த்துப் பழகினவர் எத்தனை பேர்? இதற்கு இ-சஞ்சீவனி என்ற அரசு ஏற்பாடு 2019 முதல் இருக்கிறது. சுகாதார நிலையத்தில் இருந்துகொண்டே தூரத்து நிபுணரிடம் பேசலாம். இதைத்தான் பயன்படுத்தச் சொல்கிறேன். நோயாளி பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகட்டும். நர்ஸம்மா எடை, நாடி, ரத்த அழுத்தம் பார்க்கட்டும். இந்த மருந்துக்கு அதெல்லாம் கட்டாயம் பார்க்க வேண்டும். அவரே திரையைத் திறந்து டாக்டரைக் கூப்பிடட்டும். கடவுச்சொல், நெளிந்த எழுத்து எல்லாம் அவர் பொறுப்பு. தபால்காரர் நமக்குச் செய்ததைத்தான் கேட்கிறேன். மாத்திரை இல்லாத பாதி வைத்தியமும் இருக்கிறது, நாளை எப்படித் திட்டமிடுவது, வேலையை எப்படித் துண்டு போடுவது என்று உளவியலாளர் சொல்லித் தரும் பயிற்சி. அதற்கு எந்த ஷெட்யூலும் தடை இல்லை, காணொளியில் பத்துப் பேருக்குச் சேர்த்தே நடத்தலாம்.

டெலி-மானஸ் இருக்கிறதே, 14416, என்பார்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய நல்ல காரியம், தமிழில் பேசுகிறார்கள், நடுராத்திரியிலும் எடுக்கிறார்கள். உயிரை மாய்த்துக்கொள்ள நினைக்கிறவர் கையில் அந்த எண் இருக்க வேண்டும். என் மகளின் கஷ்டம் நடுராத்திரியில் வருகிற கஷ்டம் இல்லை. முப்பது வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வருகிற கஷ்டம். அதற்கு ஒரே டாக்டர், ஒரே கோப்பு, தொடர்ந்து வேண்டும்.

கோப்பு என்றதும் ஒன்று. இதெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறினால் சம்பந்தி வீட்டுக்கும் கம்பெனிக்கும் தெரிந்துவிடாதா என்று என் மனைவி கேட்டாள். நியாயமான பயம். 2017 மனநலச் சட்டம் ரகசியத்தை நோயாளியின் உரிமை என்கிறது. சட்டத்தில் இருப்பது கடைக்காரரின் திரையிலும் இருக்க வேண்டும். அவருக்கு மருந்தின் பேரும் அளவும் தெரிந்தால் போதும், என்ன வியாதி என்பது தெரிய வேண்டியதில்லை.

இத்தனையையும் இரண்டு பக்க மனுவாக எழுதினேன். முதலில் இணையத்தில் அனுப்பத்தான் பார்த்தேன். குறையின் வகை என்று ஒரு பட்டியல் வந்தது. குடிநீர், சாலை, தெருவிளக்கு, ஓய்வூதியம் எல்லாம் இருந்தன. மனநலம் இல்லை. "இதர" என்று போட்டு மனுவை ஏற்றினேன். எண் வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மறுநாள் காலை தபால் நிலையத்துக்கு நடந்து போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ரசீதை மகள் தான் வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். நான் கொடுக்கவில்லை. பிறகு, கைபேசியில் படம் எடுத்துக்கொள் என்று சொல்லி நீட்டினேன்.